ஒட்டுண்ணியும் நகர்க்காடும்

நோய் காவும் பிராணியைப் பழிப்பது எளிது. அதனைப் பெருக்கும் சமூக நிலைமையே ஆராயத்தக்கது. டொக்சோபிளாஸ்மா என்னும் ஓரணு ஒட்டுண்ணி பூனைக் குடும்ப விலங்குகளின் குடலிலேயே பாலியல் முறையில் இனம்பெருக்குகிறது. மலத்தோடு வெளியேறி மண்ணையும் நீரையும் அடைகிறது. இலங்கைக்கே உரிய, தலைமயிர் தொப்பிபோற் படர்ந்த குரங்கினத்தைப் பொலன்னறுவையில் ஆராய்ந்து 2004இல் வெளிவந்த ஆய்வு, தொற்றானது வீட்டுப்பூனைகள் மிகுந்த மனிதக் குடியிருப்புச் சூழலோடு பிணைந்திருந்தமையைக் காட்டிற்று. நாட்டுக்குரிய காட்டுப்பூனைகளும் இவ்வொட்டுண்ணியைக் காவக்கூடியனவே. எனினும் அவை அரியவை, வீட்டுப்பூனையோ மனிதரைச் சார்ந்து பெருகுவது. 1938இல் சரணாலயமாக்கப்பட்ட உடவத்தகலைக் காட்டைக் கண்டி நகரம் சூழ்ந்துள்ளது. அங்கும் அக்குரங்கினம் வாழ்கிறது. ஆகவே குப்பையகற்றலையும் பூனைகளுக்கான கருத்தடையையும் தனிமனிதக் கருணைக்கு விட்டுவிடாது, நகரின் பொதுப்பொறுப்பாகக் கொள்வதே காட்டுயிரைக் காக்கும் வழியென நாம் கருதுகிறோம்.