மாதாமாதம் பிடிக்கும் தொகையும் உண்மையான செலவும்



கரண்ட், கேஸ் பில்லோடு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் சகோதர சகோதரிகள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "இந்த மாதம் நாங்கள் அவ்வளவு எரிக்கவில்லையே, ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறார்கள்?"

டைரக்ட் டெபிட்டில் பிடிக்கும் தொகை அந்த மாதச் செலவு அல்ல. வருடச் செலவை உத்தேசமாகக் கணித்து 12 தவணையாகப் பங்கிட்டது. வருடத்துக்கு 1,800 பவுண்டு என்று கணித்தால் மாதம் 150 பவுண்டு. கோடையில் 80 பவுண்டுக்கு மட்டும் எரித்தால் மீதி 70 நம் கணக்கில் வரவாக நிற்கும். குளிர்காலத்தில் ஹீட்டிங் ஓடும்போது அது கரையும்.

பில் வந்ததும் மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, மீட்டர் எண் நேராக எடுத்ததா, உத்தேசமா? ஸ்மார்ட் மீட்டர் இல்லாதவர்கள் மாதம் ஒருமுறை எண்ணை அனுப்பிவிடுங்கள். உத்தேசம் குறைவாக இருந்தால், பிறகு பாக்கி மொத்தமாக வந்து நிற்கும்.

இரண்டு, கணக்கில் இருப்பது வரவா, பாக்கியா? அக்டோபரில் வரவு இருப்பது நல்லது. குளிர் முடிந்த பின்னும் பெருந்தொகை நின்றால் திருப்பிக் கேளுங்கள். அது நம் பணம். தர மறுத்தால் கம்பெனி காரணம் சொல்ல வேண்டும்.

மூன்று, யூனிட் விலையும் தினக் கட்டணமும். ஆஃப்ஜெம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும் உச்சவரம்பு, ஃபிக்ஸட் ஒப்பந்தம் எடுக்காதவர்களுக்கு இவ்விரண்டுக்கும்தான். மொத்த பில்லுக்கு வரம்பு இல்லை.

தவணையை உயர்த்திவிட்டார்கள் என்று கோபத்தில் டைரக்ட் டெபிட்டை நிறுத்தாதீர்கள். பில் வந்தபின் கட்டுவோருக்கு விலை பொதுவாகக் கூடுதல், பாக்கியும் சேரும். கம்பெனிக்கு போன் செய்து, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். கட்ட முடியாத நிலை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களால் கட்டக்கூடிய தவணையை ஏற்பாடு செய்து தருவது அவர்கள் கடமை.

ரமழான் இப்போது குளிர்மாதங்களில் வருகிறது. பில்லுக்குப் பயந்து, சஹர் நேரத்தில் பிள்ளைகளும் பெரியவர்களும் நடுங்க வேண்டாம். பில்லைக் கட்ட வட்டிக் கடனுக்கும் போக வேண்டாம். பில்லையும் மீட்டர் எண்ணையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். நீங்கள் சொல்லும் வீட்டு விவரம் எங்களிடம் அமானிதம்.