வற்றிய ஏரியில் கூடிய மான்கள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

படப்பையிலிருந்து பேருந்து ஏறித் தாம்பரம் வந்து, அங்கே மின்சார ரயிலைப் பிடித்துக் கல்லூரிக்கு வருகிறவன் நான். வண்டலூர்க் காப்புக்காட்டின் குன்று கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு ஒரு செத்த மானின் நினைவு வரும். மானின் விழிக்கும் நடைக்கும் உவமை சொல்லி எழுதுவதைத் தமிழ்த்துறை நண்பர்கள் என்னைவிட அழகாகச் செய்வார்கள். நான் எழுதப் போவது அதன் தொடை எலும்பைப் பற்றி.

2019-ஆம் ஆண்டுக் கோடையை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் நான்கும் அநேகமாக வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அப்போது நான் பள்ளி மாணவன். எங்கள் ஊர் ஏரியும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முன்பு எவரோ மண் எடுத்த பள்ளத்தில் மட்டும் ஒரு குட்டை மிஞ்சியிருந்தது. ஊர் ஆடுகளும் மாடுகளும், எங்கள் வீட்டுக் கறவை மாடுகள் இரண்டும் அதில்தான் வாய் வைத்தன. விடியற்காலையில் புள்ளிமான்களும் அங்கே வந்து போவதாகச் சொன்னார்கள். வேடிக்கை பார்க்கப் பையன்கள் கூட்டமாய்ப் போனோம். ஒரு நாள் பதினொரு மான்களை எண்ணினேன். “நம்ம பக்கம் மான் பெருத்துப் போச்சு” என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

அடுத்த வாரம் தெருநாய்கள் ஒரு பெட்டை மானைக் குட்டையின் சேற்றில் மடக்கிவிட்டன. நாங்கள் ஓடிப் போவதற்குள் உயிர் போய்விட்டது. சுற்றி நின்றவர்களில் இரண்டொருவர் “வீணாத்தானே போவுது” என்று கத்தியைத் தேடினார்கள். எங்கள் தாத்தாதான் தடுத்தார். “மழையில்லாத வருசத்துல செத்தது. அது உள்ள என்ன இருக்குதுன்னு யாருடா கண்டது? தொடாதீங்க” என்றார். வனத்துறையினர் வந்தார்கள், கூடவே ஒரு கால்நடை மருத்துவரும் வந்தார். அவர் முதலில் மானின் காதில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்தார். அதற்குப் பின்னரே உடலை அறுத்தார். எங்களைத் தூரப் போகச் சொன்னார், நான் போகவில்லை. கடைசியில் தொடை எலும்பை உடைத்து, என்னை அருகே அழைத்துக் காட்டினார். நல்ல மானின் எலும்புக்குள் வெண்ணெய் போல் கெட்டியாகக் கொழுப்பு இருக்குமாம். இதில் இருந்தது சிவந்த கூழ்.

“நாய் கடிக்கலைன்னா இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கும், தம்பி” என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் எனக்கு விலங்கியல் வகுப்பில் உட்கார்ந்த பிறகே முழுதாக விளங்கியது. பட்டினி கிடக்கும் மான் தன் சேமிப்பை ஒரு வரிசைப்படி செலவழிக்கிறது. தோலுக்கடியிலும் முதுகிலும் உள்ள கொழுப்பு முதலில் கரையும். அடுத்தது சிறுநீரகத்தைச் சுற்றியுள்ளது. எலும்பு மஜ்ஜையின் கொழுப்புக்குத்தான் கடைசி முறை. வீட்டில் விதைநெல்லில் கை வைப்பதைப் போல. மஜ்ஜை சிவந்துவிட்டால் செலவழிக்க வேறொன்றும் இல்லை என்று பொருள்.

இதில் ஒரு விந்தை உண்டு. அந்த மானின் வயிறு காலியாக இல்லை. காய்ந்த புல்லும், நம் ஊர்களுக்கே உரிய பிளாஸ்டிக் பை ஒன்றும் அதில் இருந்தன. வயிறு நிறைந்த மான் பட்டினியால் சாகுமா? சாகும். அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பை ஒரு நொதிக்கலம். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லைச் செரித்துக் கொடுக்கின்றன. அவை பிழைத்திருக்கப் புல்லில் புரதம் வேண்டும். புரதத்தின் அளவு சுமார் ஏழு விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர்கள் குறைகின்றன, செரிமானம் மந்தமாகிறது, தின்ற புல் அசையாமல் கிடக்கிறது. வைக்கோலாய்க் காய்ந்த புல் எவ்வளவு இருந்தாலும் மானுக்கு அது உணவாவதில்லை. முதலில் பலியாகிறவை குட்டிகள். தாய்க்குப் பால் வற்றும். குட்டி எழுந்து ஓட வலுவின்றிப் புதரிலேயே கிடக்கும். கூடிக் களைத்த கிடாக்கள் அடுத்துப் போகும். வளர்ந்த பெட்டைகளே கடைசிவரை தாக்குப் பிடிக்கும். எங்கள் ஊர்க் குட்டையில் செத்தது அப்படி ஒரு வளர்ந்த பெட்டை.

இப்போது தாத்தாவின் கதைக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான் முதல். தாத்தா பள்ளிக்கூடமே போனவர் அல்லர். ஆனால் எந்தக் கோடையில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் சிறுவனாக இருந்தபோது சென்னையிலிருந்து சிலர் துப்பாக்கியுடன் ஜீப்பில் வருவார்களாம். மழைக்காலத்தில் வரமாட்டார்கள், ஏரி வற்றிய பிறகுதான் வருவார்கள். தண்ணீர் மிஞ்சிய இடத்தைத் தாத்தா காட்டுவார். கூலி இரண்டு ரூபாய். “ஒரே குட்டையில முப்பது மான் நிக்கும், கண்ணு. அவ்வளவு மான் இருந்த ஊரு இது” என்று இன்றும் பெருமையாகச் சொல்வார். பிறகு என்னவாயிற்று என்று கேட்டால், “ரெண்டு மூணு வருசத்துல ஒண்ணுகூட இல்ல. எங்க போச்சோ” என்பார்.

எங்கே போயின என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்கள் என் கற்பனை, முறை கற்பனையன்று. ஒரு காட்டில் நூறு மான்கள் இருக்கின்றன. நல்ல மழை ஆண்டில் முப்பது குட்டிகள் பிழைக்கின்றன; மூப்பாலும் பகைவிலங்காலும் இருபது மான்கள் மடிகின்றன. மிச்சம் பத்து. அந்தப் பத்தை வேட்டையாடினாலும் மந்தை நூறாகவே நிற்கும். “எப்படியும் சாகப் போவதைத்தானே சுடுகிறோம்” என்று வேட்டைக்காரர்கள் உலகெங்கும் சொல்லும் வாதம் இதுதான். நல்ல ஆண்டில் அதில் ஓரளவு உண்மையும் உண்டு. வறட்சி ஆண்டில் ஐந்து குட்டிகளே பிழைக்கின்றன. நாற்பது மான்கள் மடிகின்றன. மந்தை அறுபத்தைந்தாகிறது. அப்போதும் பத்தைச் சுட்டால் அது உபரியில் எடுத்ததாகாது. முதலில் கை வைத்ததாகும்.

ஆனால் வேட்டைக்காரன் கண்ணுக்குத் தெரிவதோ நேர்மாறானது. நல்ல ஆண்டில் நூறு மான்களும் இருபது நீர்நிலைகளில் பரவி நிற்கும். ஓரிடத்தில் ஐந்துதான் காணும். வறட்சியில் மிஞ்சிய அறுபத்தைந்தும் இரண்டே குட்டைகளுக்கு வந்தாக வேண்டும். அவன் முப்பதைக் காண்கிறான். மந்தையில் மூன்றில் ஒரு பங்கு அழிந்திருக்க, கண்ணில் படுவது ஆறு மடங்காகிவிடுகிறது. புள்ளிமான் நீரைவிட்டு அதிக தூரம் விலகாத இனம். ஆகவே இந்த மயக்கம் அதற்கு இன்னும் கூடுதல். பதினொரு மானை எண்ணிவிட்டு மான் பெருத்ததாகச் சொன்ன எங்கள் கூட்டமும் இதில்தான் ஏமாந்தது.

துப்பாக்கிக்கு வசதியான இதே நெருக்கம் நோய்க்கும் வசதியானது. வெக்கை நோய் என்ற பெயரைப் பெரியவர்கள் அறிவார்கள். கடுங்காய்ச்சல், வாயில் புண், ஓயாத கழிச்சல், சில நாட்களில் சாவு என்பதே அதன் போக்கு. அந்த வைரஸ் வெயிலில் வெகுநேரம் பிழைக்காது. பிராணிக்குப் பிராணி நெருங்கி நின்றால்தான் பரவும். ஊர் மாடும் காட்டு விலங்கும் ஒரே துறையில் நீர் குடிக்கும் காலம் அதற்குத் திருவிழா. முதுமலையிலும் பந்திப்பூரிலும் 1968-இல் அது பரவியபோது காட்டெருமைகள் பெருந்தொகையாக மடிந்தன. மான் இனங்களையும் அது விட்டுவைக்கும் நோயன்று. அங்கே எந்த வேட்டைக்காரனும் அத்தனையைச் சுட்டிருக்க முடியாது.

அந்த நோய் ஒழிந்த கதையில் நம் மாநிலத்துக்கு ஒரு தனிப்பங்கு உண்டு. இராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கிய நிலையம் முதலில் வெக்கை நோய்க்கான சீரம் தயாரிக்கவே ஏற்பட்டது. நாடு முழுவதுமான ஒழிப்புத் திட்டம் 1992-இல் வந்தது. இந்தியாவில் கடைசியாக அந்நோய் காணப்பட்டது 1995-இல், தமிழ்நாட்டின் வடஆர்க்காட்டுப் பகுதியில். 2006-இல் இந்தியாவும் 2011-இல் உலகமும் வெக்கை நோயற்றவை என அறிவிக்கப்பட்டன. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் உலகிலிருந்தே ஒழித்த இரண்டாவது நோய் இது. இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. காட்டில் மானைப் பிடித்து எவரும் ஊசி போடவில்லை. ஊர் மாட்டுக்குப் போட்ட ஊசியே காட்டு மானையும் காத்தது.

எஞ்சியிருப்பவை கோமாரியும் அடைப்பானும். அடைப்பான் கிருமியின் வித்துகள் மண்ணில் பல்லாண்டுகள் உறங்கும். வறட்சியில் புல் கட்டையாகிவிட, பிராணி மண்ணோடு சேர்த்துக் கரம்புகிறது. முரட்டுத் தண்டு வாயைக் கீறுகிறது. வித்து உள்ளே போகிறது. அதில் செத்த உடலை அறுத்தால் கிருமி காற்றுப் பட்டு மறுபடி வித்தாகி அந்த இடத்திலேயே தங்கும்; அறுத்தவனுக்கும் ஆபத்து. மருத்துவர் கத்திக்கு முன் காது இரத்தத்தைச் சோதித்தது இதற்காகத்தான். எங்கள் மானில் அடைப்பான் இல்லை. இருந்திருந்து, தாத்தாவும் தடுத்திராவிட்டால், அன்று கத்தி தேடியவர்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நடுங்குகிறது.

மழை வந்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1997-98-இல் தமிழ்நாட்டில் செம்மறியாடுகளை வாட்டிய நீலநாக்கு நோய், சேற்றில் பெருகும் ஒருவகைச் சிறு கொசுறுப் பூச்சியால் பரவுவது. நல்ல மழைக்குப் பின்னரே அது தலைகாட்டியது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கோவேறு கழுதையினுடையவை போன்ற நீண்ட காதுகள் கொண்ட ஒரு மான் இனம் உண்டு. அங்கே வறட்சியில் குளம் சுருங்கி, ஓரத்தில் சேறு படரும்போது அதே வகைப் பூச்சி பெருகி, நீலநாக்குக்கு உறவான ஓர் இரத்தக்கசிவு நோயை அம்மானுக்குக் கொடுக்கிறது. இங்கே மழை, அங்கே வறட்சி. பூச்சிக்கு வேண்டியது சேறு மட்டுமே. அதே மானிடத்தில்தான் 1967-இல், கொலராடோ மாநிலத்தில், உடல் மெலிந்து தள்ளாடிச் சாகும் வேறொரு நோயும் முதன்முதலில் காணப்பட்டது. அதன் நச்சுப் புரதம் மண்ணில் பல ஆண்டுகள் நிற்கிறது. இரக்கப்பட்டு ஓரிடத்தில் தீவனம் கொட்டி மான்களைக் கூட்டுவதும் அந்நோய்க்கு உதவிதான்.

அங்கே வேட்டை சட்டபூர்வமானது. ஆனால் மந்தையைக் கணித்து, ஆண்டுதோறும் எத்தனை அனுமதிச் சீட்டு என்று மாநில அரசு முடிவு செய்கிறது. கெட்ட ஆண்டுகளில் சீட்டைக் குறைக்கிறார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, உரிமம் பெற்றுச் சில விலங்குகளை வேட்டையாட அதில் இடமிருந்தது. 1991-இல் செய்த திருத்தம் அதையும் அடைத்தது. இதை வரவேற்கிறவன் நான். ஆயினும் உரிமம் கேட்காத வேட்டைக்காரன் ஒருவன் நம் புறநகர் முழுவதும் திரிகிறான். அவனுக்கு நான்கு கால். குப்பை மேட்டில் வளர்ந்து, பருவம் பாராமல் ஆண்டு முழுதும் வேட்டையாடுகிறான். மஜ்ஜை சிவந்த மான் அவனிடமிருந்து தப்புவதில்லை.

2019 செப்டம்பரில் மத்திய அரசு கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தடுப்பூசி போடும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஊசி போட்டால் பால் குறையும் என்று எங்கள் தெருவில் பலர் மாட்டை ஓட்டிக்கொண்டு வயல் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் முதல் முறை அப்படித்தான் நடந்தது. ஓரிரு நாள் பால் சற்றுக் குறையக்கூடும் என்பது உண்மையே. அந்த ஓரிரு நாள் பாலே வரும்படியாக உள்ள வீட்டில் அதை அற்பமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோமாரி வந்தால் பல மாதப் பால் போகும் என்று கணக்குக் காட்டித்தான் அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன்.

சென்ற பொங்கல் விடுமுறையில், மேலே எழுதிய நூறு மான் கணக்கைத் தாத்தாவுக்குத் திண்ணையில் புளியங்கொட்டை பரப்பி விளக்கினேன். இருபது இடங்களில் ஐந்தைந்தாக வைத்தேன். பிறகு முப்பத்தைந்தை எடுத்துவிட்டு, மீதியை இரண்டு குவியலாகச் சேர்த்தேன். அவர் குவியல்களையே வெகுநேரம் பார்த்தார்.

“அப்போ நான் காட்டினது… இருந்தது அவ்வளவுதானா?”

“அநேகமாக அவ்வளவுதான் தாத்தா.”

அவர் ஒன்றும் பேசவில்லை. புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். பிறகு எழுந்து தொழுவத்துப் பக்கம் போனவர், அங்கிருந்தே கேட்டார்: “ஊசி போடறவங்க அடுத்து எப்ப வராங்க?”