மூவிலை பொறித்த விமானம்

தந்தை ஆங்கில ஆட்சியை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தியவர். மைந்தனோ அதே ஆங்கில அரசின் விமானப் படையில் உயிர் நீத்தவர். முரணாகத் தோன்றும் இவ்வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

பிரெண்டன் ஃபினுகேன் 1920-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தாமஸ், 1916-ஆம் ஆண்டுப் பாஸ்கு காலக் கிளர்ச்சியில் டி வலேராவின் தலைமையில் போலண்ட் ஆலையில் நின்று போரிட்டவர். தாயாரோ ஆங்கிலேயப் பெண்மணி! கிறிஸ்தவ சகோதரர்களின் ஓகானல் பள்ளியில் பயின்ற பிரெண்டன், குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியபின், 1938-இல் தம் பதினேழாம் வயதில் தாமாகவே விமானப் படையில் சேர்ந்தார். மறு ஆண்டு போர் மூண்டது. தந்தையின் பழைய தளபதி டி வலேராவே அப்போது ஐரிஷ் அரசின் தலைவர். நாட்டை நடுநிலையில் நிறுத்தினார். மைந்தனோ போர்முனையில் நின்றார்.

தாயகத்தை அவர் மறந்தாரில்லை. தம் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் ஷாம்ராக் எனும் மூவிலைத் தழையைத் தீட்டச் செய்தார். புனித பத்திரிசியார் திரித்துவ மறைபொருளை விளக்கக் கையிலெடுத்ததாக மரபு கூறும் தழையன்றோ அது!

1940 ஆகஸ்டில் முதல் வெற்றி. 1941-இல் ஆஸ்திரேலியரின் 452-ஆம் அணியில் பெரும்புகழ். எத்தனையோ குண்டுகளுக்குத் தப்பியவர், அவ்வாண்டின் இறுதியில் விளக்கணைத்த இரவொன்றில் குரோய்டனில் சுவரொன்றைத் தாண்டிக் குதித்துக் கணுக்காலை முறித்துக்கொண்டார்! வீழ்த்திய விமானங்கள் 28 என்பர் சிலர். 32 என்பர் சிலர். அவ்வெண்ணைப் பந்தய வெற்றிபோல் பாராட்ட நமக்கு மனம் வரவில்லை. அவ்விமானங்களிலும் தாய்மார் பெற்ற பிள்ளைகளே இருந்தனர். ஞானஸ்நானம் பெற்றோரும் அவருள் பலர். ஆயினும் இட்லரின் கொடுமையை யாரேனும் தடுத்து நிற்கத்தான் வேண்டியிருந்தது.

1942 ஜூனில், இருபத்தொரு வயதில், பல அணிகளுக்கு ஒருங்கே தலைவரானார். ஜூலை 15-ஆம் நாள் பிரான்சுக் கடற்கரையைத் தாழப் பறந்து கடக்கையில், கரையிலிருந்த இயந்திரத் துப்பாக்கி அவரது விமானத்தின் குளிர்விப்புக் கலத்தைத் துளைத்தது. குளிர்விக்கும் நீர்மம் வடிந்தால் அவ்வகை இயந்திரம் சில நிமிடங்களே ஓடும். பாராசூட்டில் குதிக்க உயரம் போதவில்லை. இங்கிலாந்தை நோக்கிக் கடல்மேல் திரும்பியவர், 'இவ்வளவுதான், தோழர்களே' என்று வானொலியில் அமைதியாகக் கூறினார். நீரைத் தொட்டதும் விமானம் முன்புறமாய் மூழ்கியது.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவரது ஆன்ம இளைப்பாற்றிக்காக நிகழ்ந்த பூசையில் 2,500-க்கு மேற்பட்டோர் கூடினர். உடல் கிடைக்கவேயில்லை. ரன்னிமீட் நினைவிடத்தில், கல்லறையற்ற 20,000-க்கு மேற்பட்ட வான்படையினரின் பெயர்களிடையே அவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.