ஃபோர்டு ஐக்கான்

ஃபோர்டு ஐக்கான் என்பது அமெரிக்க நிறுவனமான ஃபோர்டு, இந்தியச் சந்தைக்காக உருவாக்கி 1999 நவம்பரில் அறிமுகப்படுத்திய நான்கு கதவு செடான் வகை மகிழுந்து (கார்) ஆகும். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள மறைமலைநகர் ஆலையில் இது தயாரானது. 2011ஆம் ஆண்டில் இதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. "அமெரிக்கக் கார்" என்றே மக்கள் இதைச் சொல்லிவந்தாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஐக்கான் ஒருபோதும் விற்கப்படவில்லை. இதன் அடித்தளம் ஐரோப்பாவில் ஓடிய ஃபோர்டு ஃபியஸ்டா என்னும் சிறிய காருடையது. பின்புறம் பெட்டி வைக்கும் டிக்கி சேர்த்து, மேடு பள்ளச் சாலைகளுக்கு ஏற்ப அடிப்பகுதியை வலுப்படுத்தி இங்கே கொண்டுவந்தார்கள்.

தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகியும் திருப்பூர், அவினாசி, பல்லடம், காங்கேயம் பகுதிகளில் டிஎன் 39, டிஎன் 42 என்ற எண்களோடு ஐக்கான்கள் இன்றும் கண்ணில் படுகின்றன. இரண்டாம் கை, மூன்றாம் கை மாறிக் குறைந்த விலைக்கு வருவதால் முதல் காராக இதை வாங்குவோரும் உண்டு. வாங்கிய விலையைவிடப் பழுது பார்த்த செலவு அதிகமாகிப் போனதாகப் புலம்புவோரும் உண்டு. இந்தக் காரில் எது உறுதியானது, எது எளிதில் கெடுவது என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் அந்தச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

வரலாறு

ஃபோர்டு இந்தியாவுக்குப் புதிதாக வந்த நிறுவனம் அன்று. 1926இலேயே இங்கு ஒரு கிளை நிறுவனத்தைத் தொடங்கி, சென்னை உள்ளிட்ட துறைமுக நகரங்களில் கார்களைப் பூட்டி விற்றது. 1950களில் அந்த முயற்சி முடிவுக்கு வந்தது. பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு 1995இல் மகிந்திரா நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து மீண்டும் வந்தது. நாசிக்கில் தயாரான எஸ்கார்ட் என்ற கார் 1996இல் விற்பனைக்கு வந்தது. ஐரோப்பாவில் பழையதாகிவிட்ட அந்தக் கார் இங்கு எதிர்பார்த்த அளவு எடுபடவில்லை. 1998இல் ஃபோர்டு தன் பங்கை உயர்த்திக்கொண்டு ஃபோர்டு இந்தியா என்ற பெயரில் இயங்கத் தொடங்கியது. மறைமலைநகரில் எழுந்த புதிய ஆலைக்குப் பெயர் வாங்கித் தந்த கார் ஐக்கான்தான்.

அந்தச் சில ஆண்டுகளில் சென்னையைச் சுற்றியே நடுத்தர செடான்களின் போட்டி நடந்தது. திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆக்சென்ட், மறைமலைநகரில் ஐக்கான். வடக்கே நின்று போட்டியிட்டவை ஹோண்டா சிட்டியும் மாருதி எஸ்டீமும். ஐக்கானை "ஜோஷ் மெஷின்" என்று விளம்பரப்படுத்தினார்கள். ஜோஷ் என்ற இந்திச் சொல்லுக்கு உற்சாகம், துடிப்பு என்று பொருள் கொள்ளலாம். விளம்பரச் சொற்கள் பெரும்பாலும் மிகையாகவே இருக்கும். 1.6 லிட்டர் பெட்ரோல் ஐக்கானைப் பொறுத்தவரை இது ஓரளவு பொருந்திய பெயர் என்றே சொல்ல வேண்டும்.

இங்கு தயாரான ஐக்கான்களும் அவற்றின் உதிரித் தொகுப்புகளும் தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ ஆகிய நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. தமிழ்நாட்டிலிருந்து கார் ஏற்றுமதி வளர்ந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

பின்னலாடை ஏற்றுமதி வளர்ந்துகொண்டிருந்த திருப்பூரில் அம்பாசடர், மாருதி 800 ஆகியவற்றுக்கு அடுத்த படியாக ஒரு காரை எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏற்ற நேரத்தில் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் வாங்குநரைக் கோவை விமான நிலையத்தில் ஏற்றிவர குளிர்சாதனம் நன்றாக வேலை செய்யும் கார் தேவை. சாம்பிள் துணி மூட்டையை வைக்கப் பெரிய டிக்கியும் தேவை. ஐக்கானில் இரண்டும் இருந்தன. டீசல் வண்டி கிடைத்தது இன்னொரு வசதி.

அமைப்பும் எஞ்சின்களும்

காரின் நீளம் சுமார் 4.14 மீட்டர். எடை ஏறத்தாழ ஒரு டன். எஞ்சின் முன்னால் குறுக்குவாட்டில் அமர்ந்து முன்சக்கரங்களை இயக்குகிறது. ஸ்டீரியரிங் கையில் கனமாகவும் நம்பிக்கையாகவும் இருக்கும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது வண்டி சாலையை விட்டு விலகாமல் அழுத்திப் பிடித்து ஓடுவது ஐக்கானின் பெரிய சிறப்பு. பின் இருக்கையில் கால் வைக்கும் இடம் மட்டும் ஹோண்டா சிட்டி அளவுக்குத் தாராளம் இல்லை.

ஐக்கான் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்த ஆண்டு வண்டி" என்பதைவிட "எந்த எஞ்சின்" என்பதுதான். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே உடலுக்குள் ஐந்து வெவ்வேறு எஞ்சின்கள் வந்துவிட்டன.

முதலில் வந்த 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் பெயர் என்டுரா. தள்ளுகோல் (புஷ்ராட்) மூலம் வால்வுகளைத் திறக்கும் பழைய முறை இதனுடையது. சத்தம் அதிகம், இழுவை குறைவு. ஒரு டன் எடையுள்ள காருக்கு இது போதவில்லை என்பது விரைவிலேயே தெரிந்துபோனது. இதன் இடத்துக்குப் பின்னர் 1.3 லிட்டர் ரோகேம் எஞ்சின் வந்தது. இதன் திறன் சுமார் 70 குதிரைத்திறன். ரோகேம் என்பது ரோலர் ஃபிங்கர் கேம்ஷாஃப்ட் என்பதன் சுருக்கம். கேம்ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் இடையே உருளும் சிறு சக்கரம் இருப்பதால் உராய்வு குறைகிறது. பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் உருவான எஞ்சின் குடும்பம் இது. இதே குடும்பத்தின் 1.6 லிட்டர் எஞ்சின் தொடக்கத்திலிருந்தே ஐக்கானில் இருந்தது. 90 குதிரைத்திறனைச் சற்றே தாண்டும். அந்தக் காலத்தில் வண்டி ஓட்டுவதில் ஆர்வமுள்ள இளைஞர்கள் தேடி வாங்கியது இதைத்தான். பெட்ரோல் குடிப்பதில் மட்டும் அது சிக்கனம் பார்க்காது.

1.8 லிட்டர் என்டுரா டீசல், காமன் ரெயில் முறை வருவதற்கு முந்தைய எஞ்சின். டர்போ கிடையாது. 60 குதிரைத்திறன் அளவிலேயே இருந்தாலும் நெடுந்தூரம் ஓடச் சளைக்காதது. முன்பக்க எடையும் சத்தமும் அதிகம். 2008இல் முகப்பு மாற்றத்தோடு வந்த ஐக்கானில் 1.4 லிட்டர் டியூராடார்க் டிடிசிஐ என்ற நவீன காமன் ரெயில் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. ஃபியஸ்டா, ஃபிகோ கார்களிலும் இதே எஞ்சின் இருந்தது. உதிரி பாகம் தேடும்போது இந்த உறவு மிகவும் கைகொடுக்கும்.

பொதுவான பழுதுகள்

ஐக்கானின் எஞ்சின்கள் தாமாகத் தேய்ந்து போவதைவிட, அவற்றைச் சுற்றியுள்ள சிறிய பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள் கெட்டு, அதைக் கவனிக்காமல் ஓட்டியதால் பாழானவையே அதிகம். இதற்குச் சரியான எடுத்துக்காட்டு ரோகேம் எஞ்சினின் தெர்மோஸ்டாட் கூடு.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் எப்போது ரேடியேட்டருக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கருவி தெர்மோஸ்டாட். ரோகேமில் இது அமர்ந்திருக்கும் கூடு பிளாஸ்டிக்கால் ஆனது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சில ஆண்டுகளில் அது நொறுங்கும் தன்மை அடைகிறது. மயிரிழை போன்ற விரிசல் விடுகிறது. நீர் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. கசிந்த நீர் சூட்டில் உலர்ந்துவிடுவதால் கார் நிறுத்திய இடத்தில் ஈரம்கூடத் தெரியாது. ஒருநாள் வெப்பமுள் சிவப்பைத் தொடும். அப்போதும் "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் போய்விடும். சில நூறு ரூபாய்ப் பாகம் கெட்டதைக் கவனிக்காமல் விட்டதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். தென்னாப்பிரிக்காவில் ஓடிய ரோகேம் வண்டிகளிலும் இதே குறை பெயர் பெற்றது. அலுமினியத்தில் செய்த மாற்றுக் கூடு கிடைத்தால் அதைப் போடுவது நல்லது.

திருப்பூர் வட்டாரத்தில் இந்தக் குறை இன்னும் கூடுதலாகத் தொல்லை தருவதற்கு ஒரு காரணம் தண்ணீர். சாயக்கழிவு நொய்யலில் கலந்ததால் இப்பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறது. ரேடியேட்டரில் நீர் குறைந்ததும் பக்கத்து போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கிறது, அலுமினியத்தையும் அரிக்கிறது. கூலன்டை உப்பு நீக்கிய நீரில் (பேட்டரிக்கு ஊற்றும் நீர்) கலந்து ஊற்றுவதே முறை. வழியில் வேறு வழியின்றிச் சாதாரணத் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஊர் வந்ததும் முழுவதையும் வடித்து மாற்ற வேண்டும்.

டீசல் வண்டிகளில் கவனம் வைக்க வேண்டியது டைமிங் பெல்ட். கிராங்க்ஷாஃப்டும் கேம்ஷாஃப்டும் ஒரே தாளத்தில் சுழலும்படி இணைக்கும் ரப்பர் பட்டை இது. அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும். வெளியே பார்க்க நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. ஓடிய தூரம் குறைவானாலும் வயதானால் ரப்பர் இறுகிவிடும். பழைய டீசல் ஐக்கானை வாங்குபவர், முன்னவர் பெல்ட் மாற்றியதற்கான ரசீதைக் காட்டாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே மாற்றிவிடுவது பாதுகாப்பு. ரோகேம் பெட்ரோல் எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி இருப்பதால் இந்தக் கவலை அவ்வளவு இல்லை. பழைய 1.8 டீசலில் பம்பின் ரப்பர் வளையங்கள் இறுகி டீசல் கசிவதும், எஞ்சின் மவுண்ட் தளர்ந்து நிற்கும்போது வண்டி முழுவதும் அதிர்வதும் வயதின் குறைகள்.

பெட்ரோல் வண்டி சிக்னலில் நிற்கும்போது திடீரென அணைந்துபோனால் உடனே பெரிய பழுது என்று பயப்பட வேண்டியதில்லை. ஐடில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு வால்வில் கரி படிந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும். டேங்கில் உள்ள பெட்ரோல் பம்ப் தன்னைச் சுற்றியுள்ள பெட்ரோலால்தான் குளிர்கிறது. எப்போதும் நூறு, இருநூறு ரூபாய்க்கு மட்டும் போட்டு ஓட்டும் வண்டிகளில் பம்ப் சீக்கிரம் போவது இதனால்தான்.

அடிப்பகுதியில் முன்சக்கரத்தின் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு ஆகியவை தேய்ந்து, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது "கடக்" என்று சத்தம் தரும். இது எல்லாக் கார்களிலும் உள்ளதுதான். ஐக்கானின் நல்ல ஓட்டம் இந்த ரப்பர்களையே நம்பியிருப்பதால் இங்கு வித்தியாசம் கூடுதலாகத் தெரியும். பவர் ஸ்டீரியரிங் எண்ணெய்க் கசிவையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

நிறுத்தமும் இன்றைய நிலையும்

2005இல் ஃபியஸ்டா செடான் வந்தபோதே ஐக்கான் கீழ்ப்படிக்குத் தள்ளப்பட்டது. விலையைக் குறைத்து, 2008இல் முகத்தை மாற்றி மேலும் சில காலம் ஓட்டினார்கள். 2010 மார்ச்சில் வந்த ஃபிகோ, அதே டீசல் எஞ்சினைக் குறைந்த விலையில் கொடுத்தது. அதன் பிறகு ஐக்கானுக்கு ஆலையில் வேலை இல்லாமல் போனது.

பின்னர் ஆலையே நின்றது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. 2022இல் மறைமலைநகரிலிருந்து கடைசிக் கார் வெளிவந்தது. ஏற்றுமதிக்காக ஆலையை மீண்டும் பயன்படுத்தும் விருப்பக் கடிதத்தை 2024 செப்டம்பரில் தமிழக அரசிடம் நிறுவனம் அளித்தது. இதனால் பழைய ஐக்கான்காரருக்கு நேரடியாக எந்த மாற்றமும் இல்லை.

உதிரி பாகங்களில் 2008க்குப் பிந்தைய டீசலே வசதியானது. ஃபிகோ, ஃபியஸ்டா வண்டிகளுக்கான பாகங்கள் இன்னும் கடைகளில் இருக்கின்றன. ரோகேம் எஞ்சினை இந்தியாவில் ஃபோர்டு வேறு எந்தக் காரிலும் தொடரவில்லை. அதனால் பெட்ரோல் ஐக்கானின் எஞ்சின் பாகங்களுக்கு மாற்று நிறுவனப் பொருட்களையோ, சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளையோ நாட வேண்டியிருக்கிறது. அங்கே வாங்கும்போது பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 1.3, 1.6 இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும் எல்லாப் பாகமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

பதிவுச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வண்டியைக் காட்டித் தகுதி பெற்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கார்களுக்கான இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாய் ஆனது. இதற்கு மேல் பசுமை வரியும் உண்டு. 2005க்கு முன் பதிவான ஐக்கான்கள் எல்லாம் இப்போது இந்த வரம்பைத் தாண்டிவிட்டன. எனவே விலை பேசும் முன் பதிவுச் சான்றில் எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியைப் பார்ப்பதாக இருந்தால் எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் போவது நல்லது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பது நிறமுள்ள கூலன்டா, துருநிறத் தண்ணீரா என்று பார்க்க வேண்டும். துருநிறமாக இருந்தால், ஹெட் கேஸ்கெட் வேலைக்கான தொகையைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்ல வேண்டும்.