கால் மணித்தியாலத்தில் 250 சொற்கள்

"எழுத நேரமில்லை" என்று சொல்லித் திரிந்தவன்தான் நானும். என் வாயை அடைத்தவர் ஆங்கில நாவலாசிரியர் அன்ரனி ட்றொலப்.

அஞ்சல் திணைக்கள உத்தியோகத்தரான அவர், விடியற்காலை ஐந்தரைக்கே மேசையில் அமர்ந்துவிடுவார். முதல் அரை மணித்தியாலம் முன்பு எழுதியதை வாசிப்பார். பின்னர் கடிகாரத்தை முன்னே வைத்து, கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். வாழ்நாளில் எழுதியவை 47 நாவல்கள்! மறைவுக்குப்பின் 1883இல் வெளிவந்த சுயசரிதையில் இதனை ஒளிக்காது சொன்னார். இலக்கியத்தைக் கணக்காக்கிவிட்டார் எனப் பலர் முகஞ்சுளித்தனர்.

நானும் முயன்றேன். எனக்குக் கிடைத்தது தினமும் அரை மணித்தியாலமே. எழுதியதிற் பாதியைக் கிழித்தெறிந்தேன். ஆயினும், ஏழு வருடங்கள் கிடப்பிற் கிடந்த என் கதை மூன்று மாதத்தில் முடிந்தது. கற்பனை வரும்வரை காத்திருந்தேனாயின், இன்றும் தலைப்பு மட்டுமே எஞ்சியிருக்கும்.