கினி குறைந்தால் பிளவும் குறைந்ததா?

பத்துப் பேர். முதல் ஆளின் மாத வருமானம் ஆயிரம் ரூபாய், அடுத்தவருக்கு இரண்டாயிரம் என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசி ஆளுக்குப் பத்தாயிரம். ஏற்றத்தாழ்வை அளக்க உலகெங்கும் கையாளப்படும் கினி குறியீட்டைப் போட்டுப் பார்த்தால் 0.30 வருகிறது. இப்போது கீழே உள்ள ஐந்து பேருக்கும் தலைக்கு மூவாயிரம், மேலே உள்ள ஐந்து பேருக்கும் தலைக்கு எட்டாயிரம் என்று மாற்றுங்கள். மொத்தத் தொகை அதே 55,000 ரூபாய்தான். கினியோ 0.23-க்கு இறங்கிவிடுகிறது! ‘ஏற்றத்தாழ்வு குறைந்தது’ என்று அமைச்சர் அறிக்கை விடலாம். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் நடுவில் இருந்தவர்களைக் காணோம். ஊர் இரண்டு அணியாகிவிட்டது.

1994-ல் ஜோன் எஸ்டெபான், தேப்ராஜ் ராய் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். எதிர் அணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதோடு, என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பதும் சேர்ந்தால்தான் பகை மூளும் என்பது அவர்கள் வாதம். அதனால் வருமான இடைவெளியைக் கூட்டும்போது, சொந்தக் கூட்டத்தின் பங்குக்கு ஆல்ஃபா என்ற கூடுதல் அடுக்கு கொடுத்தார்கள். ஆல்ஃபா பூஜ்யம் என்றால் பழைய கினிக் கணக்கே திரும்பி வரும். 1 என்று வைத்தால், நம் பத்துப் பேரின் பிளவு 0.33-லிருந்து 1.25-க்குத் தாவுகிறது; ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆல்ஃபா ஏறத்தாழ 1.6-ஐத் தாண்டக் கூடாது. அதற்குள் எந்த எண் என்பதை ஆய்வாளர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சூத்திரத்துக்குள் மனிதத் தீர்ப்பு நுழையும் இடம் இது. மறைக்காமல் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே ஆண்டு, கனடாவின் மைக்கேல் உல்ஃப்சன் இடைநிலை வருமானத்தை மையமாக வைத்து இன்னொரு குறியீட்டை முன்வைத்தார். நம் கணக்கில் அது 0.31-லிருந்து 0.45-க்கு ஏறுகிறது.

எந்தக் குறியீடானாலும் ஒன்றைச் சொல்லாது: நடுவிலிருந்து போனவர்கள் எங்கே போனார்கள்? அமெரிக்காவில் இடைநிலை வருமானத்தின் மூன்றில் இரண்டு பங்கு முதல் இரு மடங்கு வரை உள்ள குடும்பங்களை நடுத்தரம் என்கிறது பியூ ஆய்வு மையம். அக்குடும்பங்களில் வாழும் பெரியவர்களின் பங்கு 1971-ல் 61 சதவீதம், 2021-ல் 50. ‘நடுத்தர வர்க்கம் நொறுங்கியது’ என்று தலைப்புப் போட ஆசை வரும். அதே காலத்தில் கீழ்த்தட்டு 25-லிருந்து 29 ஆனது. மேல்தட்டு 14-லிருந்து 21. குறைந்த 11 புள்ளிகளில் ஏழு மேலே சேர்ந்திருக்கின்றன.