ஹெபாரின்: அளந்து போடவேண்டிய ஊசி

ஆஞ்சியோபிளாஸ்டி என்றதும் வீட்டார் விசாரிப்பதெல்லாம் ஸ்டென்ட்டைப் பற்றித்தான். எந்த கம்பெனி, மருந்து பூசியதா, என்ன விலை? ஸ்டென்ட்டுக்கு முன்பே நோயாளியின் உடம்புக்குள் போய்விடும் ஹெபாரின் ஊசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஸ்டென்ட்டின் விலையோடு பார்த்தால் அது அற்பக் காசு. ஆனால், அளவு குறைந்தால் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறையும்; கூடினால் வேறெங்கோ ரத்தம் கசியும்.

மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ நுழைந்து இதயம் வரை போகும் குழல், கம்பி, பலூன் எல்லாமே ரத்தத்துக்கு அந்நியப் பொருட்கள். அவற்றின் மேல் ரத்தம் உறையப் பார்க்கும். போதாததற்கு, பலூன் விரியும்போது குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு பிளவுபடுகிறது. காயம் பட்ட அந்த இடத்தில் தட்டணுக்கள் திரளும். த்ராம்பின் என்ற நொதி உருவாகி ரத்தத்தை உறைய வைக்கும். அடைப்பை எடுக்கப் போன இடத்திலேயே புது அடைப்பு வந்துவிடும். நம் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதம் த்ராம்பினைக் கட்டுப்படுத்தக்கூடியது. ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஹெபாரின் அதனுடன் பிணைந்து அந்த வேலையைப் பன்மடங்கு விரைவுபடுத்துகிறது. ஏற்கெனவே உறைந்த கட்டியை ஹெபாரின் கரைக்காது. புதிதாக உறையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

1916-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். நாயின் கல்லீரலிலிருந்து அவருக்குக் கிடைத்ததோ நேர்மாறானது. இன்று பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்து ஹெபாரினைப் பிரித்தெடுக்கிறார்கள். நீளம் வேறுபடும் சர்க்கரைச் சங்கிலிகளின் கலவை அது. ரத்தத்தில் உள்ள பல புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. ஆகவே, ஒரே எடையுள்ள இருவருக்கு ஒரே அளவு போட்டாலும் பலன் ஒன்றாக இராது.

பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட் வரை போடுவார்கள். தட்டணுக்களைத் தடுக்கும் வேறு சில சக்திவாய்ந்த ஊசிகளும் சேர்ந்தால் 50 முதல் 70 யூனிட் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 4,200 முதல் 6,000 யூனிட் என்று கணக்கு வரும். எடையைக் கண்ணால் பார்த்து மதிப்பிடாமல், படுக்க வைக்கும் முன்பே எடைக் கருவியில் நிறுத்திப் பார்ப்பதன் காரணம் இதுதான்.

அடுத்தது குப்பி. நம் நாட்டில் ஹெபாரின் 5 மி.லி. குப்பிகளில் இரண்டு வலிமைகளில் கிடைக்கிறது. ஒன்றில் மி.லி.க்கு 1,000 யூனிட், மொத்தம் 5,000. இன்னொன்றில் மி.லி.க்கு 5,000 யூனிட், மொத்தம் 25,000. ‘ஐயாயிரம்’ என்ற எண் இரண்டுக்கும் பொருந்துகிறது, ஒன்றில் குப்பி முழுவதற்கும், மற்றதில் ஒரு மி.லி.க்கும். அவசரத்தில் குப்பி மாறினால் அளவு ஐந்து மடங்காகிவிடும். இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2006-இல் அமெரிக்காவின் இன்டியானாபொலிஸில், மி.லி.க்கு 10 யூனிட் உள்ள குப்பிக்குப் பதில் 10,000 யூனிட் குப்பியை எடுத்ததால் 3 பச்சிளம் குழந்தைகள் இறந்தன. மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸில் நடிகர் டென்னிஸ் குவைட்டின் இரட்டைக் குழந்தைகளுக்கும் இதே குழப்பம் நேர்ந்தது. நல்லவேளையாக அவர்கள் பிழைத்தார்கள். குழப்பத்துக்குக் காரணமான அந்த அமெரிக்கக் குப்பிகள் இரண்டின் லேபிளும் நீல நிறம். சிகிச்சை அறையில் இரண்டு வலிமைகளையும் ஒரே தட்டில் வைப்பதே தவறு என்பேன். ஒரே வலிமைதான் இருக்க வேண்டும். ஊசியில் எடுப்பவர் எத்தனை யூனிட் என்று வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் குப்பியைப் பார்த்துச் சரி என்ற பிறகே ஏற்ற வேண்டும்.

போட்ட மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய ஏ.சி.டி. பரிசோதனை இருக்கிறது. சில துளி ரத்தத்தைக் கயோலின் போன்ற பொடி உள்ள சிறு குழாயில் விட்டு, உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று மேசைமேல் இருக்கும் கருவி எண்ணும். வழக்கமாக 250 முதல் 300 விநாடி, சில கருவிகளில் 300 முதல் 350 விநாடி இலக்கு. கருவிக்குக் கருவி இலக்கு மாறுவதால், ஓர் ஆஸ்பத்திரியின் எண்ணை இன்னொன்றில் அப்படியே பயன்படுத்த முடியாது. சிகிச்சை நீண்டால் மீண்டும் அளக்க வேண்டும், ஏனென்றால் வழக்கமான அளவில் ஹெபாரினின் வீரியம் சுமார் ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

அளவு மிஞ்சிவிட்டாலோ குழாயில் ஓட்டை விழுந்தாலோ முறிமருந்தாக ப்ரோட்டமின் இருக்கிறது. 100 யூனிட் ஹெபாரினுக்கு சுமார் 1 மில்லிகிராம். சால்மன் மீனின் விந்திலிருந்து எடுக்கப்படும் இந்தப் புரதத்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். வேகமாகப் போட்டால் ரத்த அழுத்தம் சடாரென இறங்கும். மீன் ஒவ்வாமை உள்ளவர்களிடமும், ப்ரோட்டமின் கலந்த என்.பி.எச். இன்சுலினை நெடுநாள் போட்டுக்கொண்டவர்களிடமும் கூடுதல் கவனம் வேண்டும். பலர் போட்டுக்கொள்ளும் 30/70 மனித இன்சுலினிலும் அது உண்டு. ஆகவே, எந்த இன்சுலின் என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முன்பு எப்போதாவது ஹெபாரின் போட்டபின் தட்டணுக்கள் குறைந்திருந்தால் அதை மறைக்கவே கூடாது. சிலருக்கு ஹெபாரினுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள், தட்டணுக்களைத் தூண்டிவிட்டு ரத்தத்தை உறையவே வைத்துவிடும். பெரும்பாலும் மருந்து தொடங்கிய 5 முதல் 10 நாளில் இது தெரியவரும். அப்படிப்பட்டவருக்கு பைவாலிருடின் போடலாம். அட்டைப்பூச்சியின் உமிழ்நீரில் உள்ள பொருளை ஒட்டி உருவாக்கிய மருந்து அது. சிறுநீரகம் பழுதானவரிடம் அதன் வேலை நீடிக்கும் என்பதால் அங்கும் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

மணிக்கட்டு வழி சிகிச்சையில் ரத்தக்கசிவு வெகுவாகக் குறைகிறது. வெளியே தெரியும் இடமாகையால் அழுத்திப் பிடிப்பதும் எளிது. தொடை வழியாகச் செய்திருந்தால், காலை மடக்காமல் படுத்திருக்கச் சொல்வதை அலட்சியப்படுத்தக் கூடாது. தொடைக் குழாயிலிருந்து ரத்தம் மேலேறி வயிற்றின் பின்புறத்தில் தேங்கினால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. இடுப்பு வலி, முதுகு வலி, வியர்வை, தலைசுற்றல் வந்தால் படுத்துப் படுத்து முதுகு வலிக்கிறது என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருக்காமல், உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.